மதுராந்தகம் வழியாக அமெரிக்கா

என் வீட்டுக்காரருக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு வியாதி பிடித்தது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி வந்திருந்தால் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். இவருக்கு வந்தது ரூட் 66. அமெரிக்காவின் நடுவில் கிளம்பி மேற்குக் கடற்கரை வரை போகிற பழைய ரோடு அது. காலையில் காபி டம்ளரோடு டிவி முன்னால் உட்கார்ந்தால், யாராவது ஒரு வெள்ளைக்காரர் அந்த ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டு போவார். இவர் கூடத்து சோபாவில் உட்கார்ந்தபடி வலது காலால் பிரேக் போடுவார்.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று நானும் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்த ரோடாம். பக்கத்திலேயே பெரிய நெடுஞ்சாலை போட்டதும் வண்டியெல்லாம் அதில் போய்விட்டது, வழியிலிருந்த ஊர்கள் படுத்துவிட்டன. இப்போது அந்தப் படுத்த ஊர்களைப் பார்க்கத்தான் ஜனங்கள் செலவழித்துக்கொண்டு போகிறார்கள். மூடிப்போன பெட்ரோல் பங்க், துருப்பிடித்த கார், பாதி எழுத்து எரியாத லாட்ஜ் போர்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று கண் கலங்குகிறார்கள். துருப்பிடித்த கார் பார்க்க நமக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசல் இருக்கிறது, எழுத்து எரியாத போர்டுக்குப் பெருங்களத்தூர் வரை போனால் போதும், இதற்கு எதற்குங்க பாஸ்போர்ட் என்று கேட்டேன்.

"உனக்கு அந்த ஃபீலிங் புரியாது" என்றார்.

திருமுடிவாக்கத்தில் இரும்புத் தகடு வெட்டுகிற கம்பெனியில் காலம் முழுக்கக் குப்பை கொட்டிய மனுஷன். தினமும் திருச்சி போகிற ஜி.எஸ்.டி. ரோட்டுப் புகையைக் குடித்துவிட்டு வந்து, மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வருகிறது என்று புலம்பியவர். ரோட்டின் மேல் ஃபீலிங்காம்.

எங்கள் ஒரே பையன் டெக்ஸாஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அவன்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "இந்த சம்மருக்கு நீங்களும் அம்மாவும் வாங்கப்பா. நான் கார் எடுக்கிறேன். அந்த ரோட்டுல போலாம்" என்றான். விசா கிடைத்தது. டிக்கெட் போட்டான். வழியெல்லாம் தங்குவதற்கு ரூம் புக் செய்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தரையில் நடக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

மாடம்பாக்கம் பக்கம் எங்கள் காலனியில் ஒருவருக்கு விசா வந்தால் அது அவர் வீட்டு விஷயம் இல்லை. முக்கால்வாசி வீடுகளில் மாடியில் ஒரு அறை பூட்டிக் கிடக்கும். அந்த அறைக்கு உரியவர் அமெரிக்காவில் இருப்பார். ஆகவே யார் கிளம்பினாலும் பார்சல் சுமக்கத்தான் கிளம்புகிறார். எங்கள் பையன் ஒரு மூலையில் இருந்தால் மற்றவர்களின் பிள்ளைகள் வேறு வேறு மூலையில் இருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அங்க போனதும் கொரியர்ல போட்டுடு, முடிஞ்சது" என்றார்கள். அமெரிக்கா என்னவோ ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் சேலையூருக்கும் நடுவில் இருக்கிற நினைப்பு. ஆவக்காய், மோர் மிளகாய், பருப்புப் பொடி, பேத்திக்குப் பட்டுப் பாவாடை. ஒருத்தர் இட்லித் தட்டையே கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியில் எங்கள் துணிக்கு இடமில்லை. இரண்டு புடவையை வைத்துக்கொண்டு ஒரு கண்டத்தையே சுற்றிப் பார்ப்பதாக இருந்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய பார்சல் எதிர் வீட்டு அக்காவுடையது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா தனியாகத்தான் இருக்கிறார். பிள்ளை நியூ ஜெர்சியில். தெருவில் யார் அமெரிக்கா கிளம்பினாலும் கார் டயருக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழம் அக்கா வீட்டு மரத்திலிருந்துதான் வரும். வைப்பதும் அவர்தான். கற்பூரம் சுற்றிவிட்டு, வண்டி தெருமுனை திரும்புகிற வரை நின்று கையாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். உங்க மரம் காய்க்கிறதே அமெரிக்காவுக்காகத்தான் அக்கா என்று நான் கிண்டல் பண்ணுவேன். அவரும் சிரிப்பார்.

இது போதாதென்று காலனி சங்கத்தில் வழியனுப்பு விழா வேறு. சங்கத்துச் செக்ரட்டரி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். காலனி நிற்கிற இடத்தில் அவருடைய அப்பா நெல் போட்டிருக்கிறார். அவர் மைக்கைப் பிடித்து, "நம்ம சார் அமெரிக்காவுல காரு ஓட்டிகினு போவப் போறாரு. காலனிக்கே பெருமை" என்று சொல்லி ஜரிகைச் சால்வை போட்டார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல சால்வை. பிறகு என் வீட்டுக்காரர் ரூட் 66 பற்றிப் பேச ஆரம்பித்தார். கேசரி ஆறிப்போகும் வரை பேசினார்.

மறுநாள் காலையில் பையன் போன் பண்ணினான். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எனக்கு வேலை போயிடுச்சு. போன மாசமே போச்சு. அதுக்குள்ள வேற கிடைச்சிடும்னு பார்த்தேன், கிடைக்கல. டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன். நீங்க இப்ப வர வேணாம்." பிறகு சொன்னான். "விசா கெடு முடியறதுக்குள்ள வேலை கிடைக்கலைன்னா எப்படியும் இந்த ஊரை விட்டுக் கிளம்பணும். எனக்கு அலுத்துப்போச்சுப்பா. நான் வீட்டுக்கே வந்துடட்டுமா? அங்கயே ஏதாவது பார்த்துக்கிறேன்."

வா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? எனக்கு வாய்வரை வந்துவிட்டது. போன் அவர் கையில் இருந்தது. அதைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்து போய், "அவசரப்படாத. பார்ப்போம். யார்கிட்டயும் எதுவும் சொல்லிக்காத" என்றார். அவ்வளவுதான். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. பிள்ளையும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அவர் போனைக் கீழே வைப்பதற்குள் கேட்டேன். "சொந்த வீட்டுக்கு வரட்டுமான்னு கேக்குறான். அதுக்கு என்ன யோசனை வேண்டிக் கிடக்கு?"

"இப்ப வந்தா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. சால்வை மடிப்புகூடக் கலையல."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நாலு பேரை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. அரிசி விலை ஏறினபோது வந்தார்களா, எனக்கு ஆபரேஷன் நடந்தபோது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு எட்டிப் பார்த்தார்களா. ஆனால் இந்த வீட்டில் எந்த முடிவும் அவர்களைக் கேட்காமல் எடுக்கப்பட்டதில்லை.

முடிவு என்னவென்றால், நாங்கள் அமெரிக்கா போகிறோம். அதாவது, போகிற மாதிரி கிளம்புகிறோம். குறித்த நாளில், குறித்த நேரத்தில், பெட்டிகளோடு. காரை அவருடைய பழைய கம்பெனி ஷெட்டில் விட்டால் அங்கிருந்து ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்று காலனிக்கு ஒரு கதை. பையனுக்கு வேலை கிடைக்கிற வரை எங்கேயாவது இருந்துவிட்டு வர வேண்டியது. எங்கேயாவது என்றால் எங்கே என்று கேட்டேன். "முதல்ல ரோட்டுக்குப் போவோம்" என்றார். அறுபது வயதுக்கு மேல் வீட்டை விட்டு ஓடிப்போகிற பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்?

கிளம்புகிற அன்று மத்தியானம் தெருவே வாசலில் நின்றது. பெட்டிகள் டிக்கியில் பாதி, பின் சீட்டில் பாதி. அக்கா எலுமிச்சம்பழங்களை டயருக்கு வைத்துக் கற்பூரம் சுற்றினார். பிறகு என் ஜன்னல் பக்கம் குனிந்து, "பார்சலைப் பிரிச்சதும் என் பையனை என்கூட வீடியோவுல பேசச் சொல்லும்மா. அவன் சாப்பிடறதைக் கொஞ்ச நேரம் பார்க்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போயிருப்பேன்.

செக்ரட்டரி விடுகிற ஆள் இல்லை. "ஏர்போர்ட்டு வரைக்கும் நான் வந்துகினு இருக்கேன் சார்" என்று பைக்கை உதைத்தார். கேம்ப் ரோடு சிக்னல் வரை பின்னாலேயே வந்தார். அங்கே இருந்த நெரிசலைப் பார்த்துவிட்டு அவரே கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பிப் போனார். தாம்பரம் டிராஃபிக்கை வாழ்க்கையில் முதல்முறையாக வாழ்த்தினேன்.

மேம்பாலத்திலிருந்து இறங்கினால் வலது பக்கம் ஏர்போர்ட், இடது பக்கம் திருச்சி. என் வீட்டுக்காரர் இடது பக்கம் திரும்பினார்.

திரும்பியதும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "யோசிச்சுப் பார்த்தா நம்ம ரோடும் அதே மாதிரிதான். பழைய ரோடு. எவ்வளவு விஷயம் இருக்கு" என்று வழிகாட்டி வேலையை ஆரம்பித்தார். இங்கேதான் ஒரு டீக்கடை இருந்தது. இங்கேதான் ஒரு சைக்கிள் கடை இருந்தது. இங்கேதான் ஒரு கிணறு இருந்தது. இருந்தது, இருந்தது என்று பெருங்களத்தூர் வரை வந்தோம். அந்த அமெரிக்க ரோட்டில் பழசு விழுந்தாவது கிடக்கிறது, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் பழசு விழுவதற்குள் அதன் தலையில் அடுக்குமாடி எழும்பி, கீழே பிரியாணிக் கடையும் திறந்துவிடுகிறது. அவர் கை காட்டிய இடத்தில் எல்லாம் நான் பார்த்தது பிரியாணிக் கடை.

வண்டலூரில் வண்டி நின்றே போனது. ஜூ வாசலில் பள்ளிக்கூட பஸ்கள் திரும்பிக்கொண்டிருந்தன. பையன் சின்ன வயதில் அங்கே ஒரு தடவை தொலைந்துபோனான். நான் ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தேன். இவர் தேடிப் போனபோது, அவன் முதலைத் தொட்டிப் பக்கம் ஒரே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தானாம். ஒரு சொட்டு கண்ணீர் இல்லையாம். தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில், நான் வருவேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்தாராம், அதனால் நின்றானாம். இதை இவர் எத்தனையோ கல்யாண வீடுகளில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். அன்றைக்குச் சொல்லவில்லை. ஜூ கேட்டைப் பார்க்காமல் முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கல்பட்டு தாண்டி, டோல்கேட் தாண்டி, மதுராந்தகத்துக்கு வரும்போது வெயில் இறங்கிவிட்டது. பெரிய ரோடு ஊருக்கு வெளியே ஒதுங்கிப் போக, பழைய ரோடு ஊருக்குள் போகிறது. இவர் பழைய ரோட்டில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ரூட் 66 ரசிகர்கள் பைபாஸில் போக மாட்டார்களாம். ஊருக்குள் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்தோம். ஃபேன் ஓடியது, காற்று வரவில்லை. அந்த நேரம் பார்த்துச் செக்ரட்டரியிடமிருந்து வாட்ஸப் வந்தது. செக்-இன் ஆச்சா சார் என்று கேட்டிருந்தார். இவர் கொஞ்சமும் கூசாமல் ஆச்சு என்று பதில் போட்டார். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

காலையில் நெடுஞ்சாலைக்கு வந்து ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை இந்த ரோட்டில் இருக்கிற கும்பகோணம் டிகிரி காபிக் கடைகளைப் பார்த்தால், கும்பகோணத்தில் ஒரு மாடுகூட மிச்சமிருக்காது. பித்தளை டபராவில் காபி வந்தது. குடிக்க வாயருகே கொண்டுபோனபோது பையன் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே முந்தின நாள் சாயங்காலம்.

"எங்கடா இருக்க?" என்றேன். அவனுக்குப் பின்னால் வீடு இல்லை, வெட்டவெளி.

"அந்த ரோட்டுலதான்மா. ரூம் புக் பண்ணினதை கேன்சல் பண்ண முடியாது, தேதியை வேணா முன்னாடி மாத்திக்கோன்னுட்டாங்க. சரி, அப்பாவுக்காவது காட்டலாம்னு நானே கார் எடுத்துட்டு வந்தேன். அப்பா, பாருங்க."

போனைத் திருப்பினான். மூடிப்போன பெட்ரோல் பங்க். துருப்பிடித்த கார். இவர் டிவியில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணியிருந்த இடம் போலிருக்கிறது, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். சுற்றிலும் ஒரு ஈ காக்காய் இல்லை. நடுவில் என் பிள்ளையின் நிழல் மட்டும் நீளமாகக் கிடந்தது. இதற்காகவா இத்தனை பாடு?

"சாப்பிட்டியா?"

"ப்ரெட் இருக்கும்மா. கார்ல வச்சே சாப்பிட்டேன்."

எங்கள் கார் டிக்கியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஊறுகாயும் பொடியும் இருந்தது. என் பிள்ளை வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு நிற்கிறான். டபராவைத் தள்ளி வைத்தேன். இனி ஒரு வாய் இறங்காது.

இவர் மெதுவாகக் கேட்டார். "அடுத்து எங்கப்பா போற?"

"தெரியலப்பா. வீட்டைக் காலி பண்ணிட்டேன். இந்த ரோடும் நாளைக்குக் கடல்கிட்ட முடிஞ்சிடும்." சிரிக்கப் பார்த்தான். "அதுவரைக்கும் யோசிக்கலாம்னு இங்க நிக்கிறேன்."

என் வீட்டுக்காரர் போனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கடைப் பையன் வந்து சில்லறை இருக்கா சார் என்று கேட்டுவிட்டுப் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னார். "டிக்கெட் போடு. ஏர்போர்ட்டுக்கு நான் வர்றேன்."

"இல்லப்பா, காலனியில..."

"நான் வர்றேன்னு சொல்றேன்ல. நீ கிளம்பு."

பையன் போனைக் கீழே இறக்கிவிட்டான். திரையில் தார் ரோடும் அவனுடைய ஷூவும்தான் தெரிந்தன. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதலைத் தொட்டிப் பக்கம் அழாத பிள்ளை.

போனை வைத்துவிட்டு எழுந்தவர் காரை எடுத்து, ரோட்டின் நடுவில் இடைவெளி வந்ததும் சென்னைப் பக்கம் திருப்பினார். வழியெல்லாம் ஒரு டீக்கடையையும் சைக்கிள் கடையையும் பற்றிப் பேசவில்லை. வண்டலூர் தாண்டும்போது மட்டும், "அந்த மேல் ரூம்ல ஏ.சி. ஓடுதா?" என்று கேட்டார். அந்த ரூமை நான் வாராவாரம் துடைத்து, ஏ.சி.யையும் போட்டுப் பார்ப்பேன் என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாது. ஓடும் என்றேன்.

நல்ல உச்சி வெயிலில் காலனிக்குள் நுழைந்தோம். அக்கா மொட்டை மாடித் துணியை எடுத்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார். செக்ரட்டரி தண்ணீர் லாரிக்காரரோடு தகராறில் இருந்தார். அந்த நாலு பேரில் பாதிப் பேர் ஒருவழியாகக் கண்ணில் பட்டுவிட்டார்கள்.

"இன்னா சார், எதனா மறந்து வுட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று செக்ரட்டரி ஓடிவந்தார்.

அக்கா என்னைப் பார்த்து, "பிளைட் கேன்சல் ஆயிடுச்சாம்மா? இப்பல்லாம் அடிக்கடி ஆகுதாமே" என்றார்.

ஆமாம் என்றால் முடிந்தது. இவர் இரண்டு நாளாகத் தேடி அலைந்த பொய்யை அக்காவே தட்டில் வைத்து நீட்டுகிறார். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். எடுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அந்த மனுஷன் மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

அவர் டிக்கியைத் திறந்து, அக்காவின் பார்சலைத் தேடி எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"பிளைட் இல்லக்கா. பையனுக்கு வேலை போயிடுச்சு. நாங்க மதுராந்தகம் வரைக்கும்தான் போனோம். அவன் திரும்பி வர்றான். இனிமே இங்கதான் இருப்பான்."

செக்ரட்டரி தலையைச் சொறிந்தார். சால்வையைத் திருப்பிக் கேட்பாரோ என்று எனக்கு ஒரு நிமிஷம் ஓடியது.

"வரட்டுமே சார்" என்றார். "அதான் வூடு கீதே." சொல்லிவிட்டுத் தண்ணீர் லாரிக்காரரிடம் விட்ட இடத்திலிருந்து தகராறைத் தொடரப் போனார். இதற்காகத்தான் நாங்கள் ஃபேன் காற்று வராத ரூமில் படுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

அக்கா நகரவில்லை. பார்சலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். பிள்ளை பெயர் எழுதிய பக்கம் வெளியே தெரிந்தது.

"எப்ப வர்றான்?"

"டிக்கெட் கிடைச்சதும் வந்துடுவான் அக்கா" என்றேன்.

"ஏர்போர்ட்டுக்கு யார் போறீங்க?"

"நாங்க ரெண்டு பேரும்தான்."

அக்கா இவரைப் பார்த்தார். "தம்பி, வண்டியில எனக்கும் ஒரு எடம் இருக்குமா? இந்தத் தெருவுல எல்லாருக்கும் கையாட்டி அனுப்பிட்டேன். போறவங்களையே பார்த்துட்டு இருக்கேன். ஒருத்தன் திரும்பி வர்றதை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்."

என் வீட்டுக்காரர் பின் சீட்டில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வாசலில் வைத்தார். சீட்டைக் கையால் தட்டிவிட்டார். கடைசிப் பெட்டியும் இறங்கியதும் கதவைச் சாத்தாமல், "இடம் இருக்கு அக்கா" என்றார்.